வட்டத் தேற்ற நிறுவலில் சிக்கிக்கொண்டால் உதவி கேட்பது எப்படி?

மலேசிய இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் படிவக் கணிதப் பாடநூலின் ஆறாம் இயல் வட்டத்தின் கோணங்களையும் தொடுகோடுகளையும் பற்றியது. அந்த இயலின் பயிற்சிகளில் பெரும்பாலானவை ஒரு படத்தைத் தந்து, எக்ஸ் என்று குறித்திருக்கும் கோணத்தின் அளவைக் கேட்பவை. அவற்றைப் பிழையின்றிச் செய்து முடிக்கும் பிள்ளைகள்கூட, "இந்த இரண்டு கோடுகளும் இணையானவை என நிறுவுக" என்று ஒரு கேள்வி வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கோலாலம்பூரின் செந்தூலில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித்தரும் எனக்கு இது பழகிப்போன காட்சி. எண் இருக்கும் இடத்தில் துணிச்சலாகக் கணக்கிடும் பிள்ளை, எண்ணே இல்லாத படத்தைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறது.

அப்படி நிற்கும்போது உதவி கேட்பதில் தவறே இல்லை. ஆனால் "இந்தக் கணக்கு வரவில்லை, செய்து காட்டுங்கள்" என்று கேட்டால் கிடைப்பது ஒரு முழு விடை மட்டுமே. அடுத்த கேள்வியில் படம் சற்றே மாறியதும் அந்த விடை பயன்படாமல் போய்விடும். நானும் பள்ளி நாள்களில் ஒரு மூத்த மாணவரின் நிறுவலை வரி வரியாகப் பார்த்து எழுதி மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குச் சென்றேன். அங்கே புள்ளிகளின் வரிசை மாறியிருந்தது. நான் எழுதிய நிறுவல் படத்துக்குப் பொருந்தவே இல்லை. சிக்கிய வரியைத் தனியாகப் பிரித்தெடுத்து, அந்த ஒரு வரிக்கு மட்டும் உதவி கேட்கும் பழக்கம் வந்த பிறகுதான் எனக்கு வடிவியல் புரியத் தொடங்கியது. அந்தப் பழக்கத்தை எப்படி வளர்த்துக்கொள்வது என்பதை, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன்.

கேள்வி இதுதான். இரண்டு வட்டங்கள் க, ச ஆகிய இரு புள்ளிகளில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. க வழியாகச் செல்லும் ஒரு நேர்கோடு முதல் வட்டத்தை ட என்ற புள்ளியிலும் இரண்டாம் வட்டத்தை த என்ற புள்ளியிலும் மீண்டும் சந்திக்கிறது. ச வழியாகச் செல்லும் இன்னொரு நேர்கோடு முதல் வட்டத்தை ப என்ற புள்ளியிலும் இரண்டாம் வட்டத்தை ம என்ற புள்ளியிலும் மீண்டும் சந்திக்கிறது. க என்ற புள்ளி ட-வுக்கும் த-வுக்கும் நடுவிலும், ச என்ற புள்ளி ப-வுக்கும் ம-வுக்கும் நடுவிலும் உள்ளன. டப, தம ஆகிய கோடுகள் இணையானவை என நிறுவுக.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இந்த இயலில் மூன்று மொழிகள் ஒன்றாக வந்து மோதுகின்றன. வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டை வீட்டில் பெற்றோர் நாண் என்பார்கள்; பாடநூல் மலாயில் பெரெந்தாஸ் என்னும்; இருமொழிப் பாடத்திட்டத்தில் படிக்கும் அண்டை வீட்டுப் பிள்ளை கார்ட் என்று சொல்லும். வில் என்பது லெங்கோக், ஆரம் என்பது ஜெஜாரி, தொடுகோடு என்பது தாங்கென், நான்கு முனைகளும் பரிதியில் அமைந்த வட்ட நாற்கரம் என்பது சிசி எம்பாட் கித்தாரான். ஒரு வில் பரிதியில் ஒரு கோணத்தைத் தாங்குகிறது என்பதைப் பாடநூல் டிசாங்கும் என்ற சொல்லால் குறிக்கிறது. பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவது இந்தக் கடைசிச் சொல்லில்தான். "எந்த வில் இந்தக் கோணத்தைத் தாங்குகிறது?" என்ற கேள்விக்கு விரலால் அந்த வில்லைத் தடவிக் காட்ட முடியாத பிள்ளைக்கு, சம கோணங்களைப் பற்றிய தேற்றம் மனப்பாடமாக இருந்தும் பயனில்லை. கோணத்தின் இரு கைகளும் வட்டத்தைச் சந்திக்கும் இரண்டு புள்ளிகளைக் கண்டுபிடியுங்கள். அவற்றுக்கு இடையில், கோணத்தின் முனை இல்லாத பக்கத்தில் இருக்கும் வில்தான் அந்தக் கோணத்தைத் தாங்குவது.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தச் சொற்களை மூன்று மொழிகளிலும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அருகில் ஒரு சிறு படம் வரைந்து வையுங்கள். யாரிடம் போய் உதவி கேட்டாலும், அவருடைய மொழியில் கேட்க அது கைகொடுக்கும்.

படத்தைப் பெரிதாக, பொதுவாக வரையுங்கள்

கேள்வித்தாளில் இருக்கும் சிறிய படத்தின் மேலேயே கிறுக்கத் தொடங்குவதுதான் நான் காணும் முதல் தவறு. ஒரு முழு ஏ4 தாளை எடுத்து, கவராயத்தால் ஒரு வட்டத்தை 4 சென்டிமீட்டர் ஆரத்திலும் மற்றொன்றை 5 சென்டிமீட்டர் ஆரத்திலும் வரையுங்கள். நாணயத்தையோ குவளையின் வாயையோ வைத்து வரைந்தால் மையம் எங்கே என்று தெரியாமல் போகும். கவராயத்தின் முள் அதைக் குறித்துக் கொடுத்துவிடும்.

படம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கோடுகளைச் செங்குத்தாகவும் சமச்சீராகவும் வரைந்துவிடாதீர்கள். நம் கேள்வியில் இரண்டு நேர்கோடுகளையும் கச என்ற பொது நாணுக்குச் செங்குத்தாக வரைந்தீர்களானால் டபமத என்பது ஒரு செவ்வகமாகிவிடும். உள்ளே இருக்கும் கோணங்கள் எல்லாம் 90 பாகையாகும். அந்தப் படத்தில் "இந்த இரு கோணங்களும் சமம்" என்பதும் "இந்த இரு கோணங்களின் கூடுதல் 180 பாகை" என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாகத் தெரியும். எந்தத் தேற்றத்தைச் சொல்கிறோம் என்பதே குழம்பி, பிழையான காரணத்தை எழுதிவிட்டுச் சரியான முடிவுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். கோடுகளைச் சாய்த்து, வெவ்வேறு சாய்வில் வரைந்தால் இந்தக் குழப்பம் வராது.

தந்ததையும் நிறுவ வேண்டியதையும் பிரித்து எழுதுங்கள்

தாளின் இடப்பக்கத்தில் கேள்வி தந்த செய்திகளையும், வலப்பக்கத்தில் நிறுவ வேண்டியதையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் இருப்பதை நிறுவலின் நடுவில் எங்கும் காரணமாகப் பயன்படுத்தக் கூடாது. படத்தில் டப, தம இரண்டும் இணையாகத்தான் தெரியும்; அதனால் "இணைகோடுகள் என்பதால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்" என்று எழுதிவிட மனம் துடிக்கும். அப்படி எழுதிய கணத்திலேயே நிறுவல் தன்னையே சாட்சிக்கு அழைத்துவிடுகிறது.

இதைப் போலவே, ஒரு தேற்றத்தை நிறுவச் சொல்லும்போது அதிலிருந்து பிறந்த இன்னொரு தேற்றத்தைத் துணைக்கு அழைப்பதும் செல்லாது. பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் "எலிமெண்ட்ஸ்" தொகுப்பின் மூன்றாம் நூலில் மையக் கோணம் பரிதிக் கோணத்தின் இருமடங்கு என்பது 20-ஆம் கூற்று. ஒரே வட்டத்துண்டில் அமைந்த கோணங்கள் சமம் என்பது 21-ஆம் கூற்று. வட்ட நாற்கரத்தின் எதிர்க் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பது 22-ஆம் கூற்று. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் வந்தவற்றின் மேல் நிற்கிறது. ஆகவே 20-ஆம் கூற்றையே நிறுவச் சொன்னால் 21-ஐக் காரணமாகக் காட்ட முடியாது. ஆரங்கள் சமம் என்பதிலிருந்து கிடைக்கும் இருசமபக்க முக்கோணங்களுக்குத்தான் போக வேண்டும். நம் கேள்விக்கு இந்தத் தடை இல்லை. மூன்றையும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஒரு எண்ணை வைத்துப் பார்த்து, பிறகு எண்ணை எடுத்துவிடுங்கள்

எண் இல்லாததால் தயங்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: நீங்களே ஒரு எண்ணைக் கொடுங்கள். கோணம் டபச 70 பாகை என்று வைத்துக்கொள்வோம். இப்போது வழக்கமான "எக்ஸ் காண்க" கணக்கைப் போல நகர்ந்து பாருங்கள். 70 என்ற எண் முதல் வட்டத்தில் இருக்கிறது. நாம் போக வேண்டிய தம என்ற கோடோ இரண்டாம் வட்டத்தில் இருக்கிறது. ஒரு வட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு எப்படிக் கடப்பது? இரண்டு வட்டங்களுக்கும் பொதுவானவை க, ச என்ற புள்ளிகள் மட்டுமே. அவற்றை இணைத்து, கச என்ற பொது நாணை வரைந்தால் பாலம் கிடைத்துவிடும்.

இப்போது டகசப என்பது முதல் வட்டத்தில் ஒரு வட்ட நாற்கரம். அதன் டக என்ற பக்கத்தை நீட்டினால் த-வை அடைகிறோம். வட்ட நாற்கரத்தின் வெளிக்கோணம் அதன் உள்ளெதிர்க் கோணத்துக்குச் சமம் என்பதால், கோணம் தகச 70 பாகை. கதமச என்பது இரண்டாம் வட்டத்தில் ஒரு வட்ட நாற்கரம். அதில் தகச, தமச ஆகியவை எதிர்க் கோணங்கள். எனவே கோணம் தமச 110 பாகை. 70-ஐயும் 110-ஐயும் கூட்டினால் 180. பம என்ற கோடு டப, தம இரண்டையும் வெட்டும்போது, ஒரே பக்கத்தில் அமையும் உட்கோணங்கள் இவை இரண்டும்; அவற்றின் கூடுதல் 180 பாகை என்பதால் கோடுகள் இணை.

எண்ணை வைத்துச் செய்தது நிறுவல் ஆகாது. 70-க்கு உண்மையாக இருப்பது 71-க்கும் உண்மையாக இருக்கும் என்று அது சொல்லவில்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. 70 இருந்த இடத்திலெல்லாம் எக்ஸ் என்றும், 110 இருந்த இடத்தில் 180-இலிருந்து எக்ஸைக் கழித்தது என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு வரியின் எதிரிலும் அதற்கான காரணத்தை முழுச் சொற்களில் எழுதுங்கள். இப்போதுதான் அது நிறுவல். இந்த ஒரு உத்தி, நான் பார்த்தவரையில், பாதிச் சிக்கல்களை யாருடைய உதவியும் இல்லாமலே அவிழ்த்துவிடுகிறது.

சிக்கிய வரியைக் கண்டுபிடியுங்கள்

இன்னும் வழி பிறக்கவில்லை என்றால், அதுவரை எழுதியதை மேலிருந்து படித்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் "ஏன்?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடியாத முதல் வரிதான் நீங்கள் சிக்கியிருக்கும் இடம். பெரும்பாலும் அது கடைசி வரியாக இருப்பதில்லை. மூன்று வரிகளுக்கு முன்னால், கண்ணால் பார்த்து உண்மை என்று எடுத்துக்கொண்ட ஏதோ ஒன்றாக இருக்கும்.

அந்த இடங்களில் சில திரும்பத் திரும்ப வருபவை. ஒரு நாண் மையத்துக்கு அருகில் செல்வதைப் பார்த்து அதை விட்டம் என்று எடுத்துக்கொள்வது ஒன்று. விட்டம் என்று கேள்வி சொல்லாதவரை அரைவட்டக் கோணம் 90 பாகை என்பதைப் பயன்படுத்த முடியாது. ஒரே நாணின் மேல் இரண்டு கோணங்கள் நிற்பதைக் கண்டதும் அவை சமம் என்று எழுதிவிடுவது இன்னொன்று; இரண்டு முனைகளும் நாணின் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் சமம், எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் கூடுதல் 180 பாகை. வட்ட நாற்கரத்தின் நான்கு முனைகளையும் பரிதியைச் சுற்றி வரும் வரிசையில் பெயரிடாமல், குறுக்கே தாவிப் பெயரிட்டு, அடுத்துள்ள கோணங்களை எதிர்க் கோணங்கள் என்று நினைப்பது மற்றொன்று. மையக் கோணத்தைப் பயன்படுத்தும்போது 180 பாகைக்கு மேற்பட்ட பின்வளை கோணத்தை எடுக்க வேண்டிய இடத்தில் சிறிய கோணத்தை எடுப்பதும் உண்டு. உங்கள் தாளை இந்த நான்கு பிழைகளுக்காக ஒருமுறை தேடிப் பாருங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

முதலில் உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். மலாயில் பேசத் தயங்கும் பிள்ளைகள் பலர் கேள்வியையே விழுங்கிவிடுகிறார்கள். "சிக்கு, கெனாப்பா சூடுட் இனி சாமா டெங்ஙான் சூடுட் இத்து?" என்ற ஒரு வாக்கியம் போதும், இந்தக் கோணம் ஏன் அந்தக் கோணத்துக்குச் சமம் என்று கேட்டு, படத்தில் இரண்டையும் தொட்டுக் காட்டுங்கள். விடை கேட்கும் பிள்ளையைவிடக் காரணம் கேட்கும் பிள்ளைக்கு ஆசிரியர் கூடுதலாக ஐந்து நிமிடம் ஒதுக்குவதை நீங்களே காண்பீர்கள்.

பிரத்தியேக வகுப்புக்குச் செல்பவர்கள், வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகச் சென்று கேட்பது நல்லது. முப்பது பேர் நடுவில் ஒருவருடைய தாளை நிதானமாகப் பார்க்க எந்த ஆசிரியராலும் முடியாது. வீட்டில் அமைதியான இடம் இல்லாதவர்கள் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்கோ, மெர்டேக்கா சதுக்கத்தை அடுத்துள்ள கோலாலம்பூர் நூலகத்துக்கோ நண்பர் ஒருவருடன் சென்று, ஒருவர் நிறுவலைச் சொல்ல மற்றவர் "ஏன்?" என்று மட்டும் கேட்கும் முறையில் படிக்கலாம். அந்த நண்பர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோரும் இந்த வேலையைச் செய்யலாம், கணிதம் மறந்துபோன ஒரு தாய்கூட, "இது ஏன்ப்பா சமம்?" என்று கேட்டே மகனின் பிழையை வெளியே கொண்டுவந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அக்காவிடமோ மாமாவிடமோ புலனத்தின் (வாட்ஸ்அப்) வழி கேட்பதானால், படத்தை எப்படி அனுப்புகிறோம் என்பது முக்கியம். கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் வட்டம் நீள்வட்டமாகவும் செங்கோணம் சாய்கோணமாகவும் தெரியும். தாளைத் தரையில் வைத்து, நேர் மேலிருந்து, நிழல் விழாமல் எடுங்கள். படத்தோடு கேள்வியின் முழு வாசகத்தையும் அனுப்புங்கள். "க என்ற புள்ளி ட-வுக்கும் த-வுக்கும் நடுவில் உள்ளது" என்பது போன்ற வரிசைச் செய்தியை விட்டுவிட்டால், உதவுபவர் வேறொரு படத்துக்கு நிறுவல் எழுதி அனுப்பிவிடுவார். அதன் கீழே நீங்கள் செய்ததையும், நின்ற இடத்தையும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: "அண்ணே, கோணம் தகச-வும் கோணம் டபச-வும் சமம் என்பது வரை வந்துவிட்டேன். இதிலிருந்து இரண்டாம் வட்டத்துக்கு எப்படிப் போவது? முழு விடை வேண்டாம், அடுத்த ஒரு படி மட்டும் சொல்லுங்கள்." இப்படி வரும் செய்திக்குப் பேருந்தில் நின்றுகொண்டே பதில் சொல்லலாம். "இந்தக் கணக்கைச் செய்து தாருங்கள்" என்று வரும் செய்தி, ஓய்வு கிடைக்கும் நாள்வரை காத்திருக்கும்.

கைப்பேசியில் கேள்வியைப் படம் பிடித்தால் விடை எழுதித்தரும் செயலிகளையும் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். வடிவியல் நிறுவலில் அவை தரும் விடை பார்வைக்கு ஒழுங்காக இருந்தும், நடுவில் ஒரு வரி படத்தோடு பொருந்தாமல் இருக்கக்கூடும். அதனால் அங்கிருந்து வரும் ஒவ்வொரு வரியையும் உங்கள் சொந்தப் படத்தில் விரல் வைத்துச் சரிபாருங்கள். இதைவிடப் பயனுள்ளது ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருள். 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கிய பணி அது. அதில் இரண்டு வட்டங்களை வரைந்து, ட என்ற புள்ளியைப் பரிதியில் இழுத்துப் பார்த்தால், எல்லாம் நகர்ந்தாலும் டப, தம இரண்டும் இணையாகவே நிற்பதைக் காணலாம். அது காட்டுவது உண்மையை மட்டுமே. காரணத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

உதவி கிடைத்த பிறகு

குறிப்புக் கிடைத்தவுடன் அதைப் பார்த்துக்கொண்டே எழுதாதீர்கள். தாளை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, வெற்றுத் தாளில் படத்திலிருந்து தொடங்கி முழு நிறுவலையும் எழுதுங்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றால், அந்தக் குறிப்பு இன்னும் உங்களுடையதாகவில்லை என்று பொருள். மீண்டும் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதி முடித்ததை உதவியவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். காரணங்களைச் சரிபார்க்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

பிறகு புள்ளிகளின் வரிசையை மாற்றிப் பாருங்கள். ட, த இரண்டும் க-வுக்கு ஒரே பக்கத்தில் அமையுமாறு கோட்டைச் சாய்த்து வரைந்தால், நீங்கள் எழுதிய வெளிக்கோணக் காரணம் அப்படியே பொருந்தாது. அதன் இடத்தில் ஒரே வட்டத்துண்டில் அமைந்த கோணங்கள் சமம் என்ற தேற்றம் தேவைப்படலாம். முடிவு மட்டும் மாறாது. எந்த வரி மாறியது, எந்த வரி மாறவில்லை என்று இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னும் ஒரு படி செல்ல விரும்பினால், ட என்ற புள்ளியை க-வை நோக்கி நகர்த்திக்கொண்டே போய், இரண்டும் ஒன்றாகும் நிலையைக் கற்பனை செய்யுங்கள். க வழியாகச் செல்லும் கோடு இப்போது முதல் வட்டத்துக்குத் தொடுகோடு ஆகிவிட்டது; டகசப என்ற வட்ட நாற்கரம் மறைந்து கசப என்ற முக்கோணம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கப, தம இரண்டும் இணை என்பதை இப்போது எந்தத் தேற்றத்தைக் கொண்டு நிறுவுவீர்கள்? தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையிலான கோணம், மாற்று வட்டத்துண்டில் அமைந்த கோணத்துக்குச் சமம் என்பதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இதற்கும் ஒரு புதிய தாளில் படம் வரைந்து, நிற்கும் வரிவரை எழுதி, அந்த வரியோடு அடுத்த நாள் உங்கள் ஆசிரியரிடம் செல்லுங்கள்.